பிரம்படி யார் முதுகில் விழுந்தது?



பிட்டுக்கு மண் சுமந்த கதையை நீங்க பலமுறை கேட்டிருப்பீங்க. தேவார வகுப்பில் கேட்டிருப்பீங்க, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க, பழைய படத்திலும் பார்த்திருப்பீங்க. இன்றைக்கு அதே கதையை ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்னு சொல்லப் போறேன். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

மதுரையில் வைகை ஆறு கரை உடைத்துக்கொண்டு வருகிறது. பாண்டிய மன்னன் ஆணை போடுகிறான்: கரையை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்து அடைக்க வேண்டும். நியாயமான ஆணை மாதிரித்தான் தெரியுது, இல்லையா? யாருக்கும் சலுகை இல்லை, எல்லாருக்கும் பங்கு.

அந்த ஊரில் வந்தி என்று ஒரு கிழவி. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறவள். பிள்ளையும் இல்லை, உறவும் இல்லை. அவளுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. நாலு வாலிபப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் பங்கு, மண்வெட்டியைத் தூக்க முடியாத கிழவிக்கும் பங்கு. அரசாங்கக் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வந்தியின் வீட்டில் மட்டும் அழுகை.

அவளுக்காகச் சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வருகிறார். தலையில் கூடை, தோளில் மண்வெட்டி. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்கிறார். வாங்கிச் சாப்பிடுகிறார், பாடுகிறார், ஆடுகிறார், கடைசியில் படுத்துத் தூங்கியும் விடுகிறார். மற்றவர்கள் பங்கெல்லாம் முடிந்துவிட்டது, வந்தியின் பங்கு மட்டும் அப்படியே கிடக்கிறது. மேற்பார்வை செய்கிறவர்கள் போய் மன்னனிடம் சொல்கிறார்கள். மன்னன் வருகிறான், பார்க்கிறான், பிரம்பை ஓங்கி முதுகில் ஒரு அடி வைக்கிறான்.

அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது. அரசி மேல், அமைச்சர் மேல், வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மேல், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது.

இந்த இடத்தில் நாம் எல்லாரும் “ஆஹா, இறைவன் எல்லா உயிரிலும் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன். ஆனால் தம்பி, அடிக்கு முன்னால் மன்னன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீ யார்? யாருடைய பங்குக்கு வந்திருக்கே? ஏன் வேலை நடக்கவில்லை? அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எல்லாரும் வேலை செய்யும்போது ஒருவன் தூங்குகிறான்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். உங்கள் வகுப்பில் கடைசி வரிசையை நினைத்துப் பாருங்க. மேசையில் தலை வைத்துத் தூங்குகிற ஒருவன் இருப்பான். சும்மா இருக்கிறவனைச் சீண்டிச் சண்டை இழுக்கிற ஒருவன் இருப்பான். ஓய்வு நேரத்தில் யாரோடும் சேராமல் கழிவறைப் பக்கமே நிற்கிற ஒரு தங்கச்சி இருப்பாள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கிற பேர் என்ன? சோம்பேறி, ரவுடி, திமிர் பிடிச்சவள். நம் பையன் என்றால் இன்னொரு பேரும் ஒட்டிக்கொள்ளும்: “கேங்”. நாலு இந்தியப் பையன்கள் சேர்ந்து நின்றால் போதும், பார்க்கிறவர் மனசில் அந்தச் சொல் வந்துவிடுகிறது. வெளியாட்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில், நம் கோயில் வாசலில், நாமே அப்படித்தான் பேசுகிறோம்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மறைக்க வேண்டியதில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடத்தினேன். பதினொரு வயசுத் தம்பி ஒருவன் வருவான். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை, பாட்டிதான் கொண்டு வந்து விடுவார். முதல் அரை மணி நேரம் ஒழுங்காக இருப்பான். பிறகு பக்கத்துப் பையன் தலையில் குட்டுவான், புத்தகத்தைத் தட்டிவிடுவான், கோழி மாதிரிக் கத்துவான். நான் “வெளியே போ” என்பேன். போய் மண்டபத்துத் தூண் பக்கம் நிற்பான். அடுத்த வாரமும் அதே கதை. ஆறேழு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் எல்லார் முன்னாலும் அவன் பாட்டியைக் கூப்பிட்டு, “உங்க பேரன் இருந்தா மத்த பிள்ளைங்க கெட்டுப் போயிடும்” என்று சொல்லிவிட்டேன். அதோடு அவன் வரவில்லை. வகுப்பும் அமைதியானது. எனக்கு நிம்மதியாகவே இருந்தது, உண்மையைச் சொல்றேன்.

ஆறு வருஷம் கழித்து ஒரு தைப்பூசத்தில் “அண்ணே” என்று ஒரு குரல். உறுமி மேளக் குழுவில் இருந்து வியர்வையோடு ஒரு வாலிபன் வந்து நிற்கிறான். அவன்தான். என் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார முடியாத பையன், அன்றைக்கு விடியற்காலையிலிருந்து தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருக்கிறான். தொழிற்கல்லூரியில் வாகனம் பழுதுபார்ப்பது படிப்பதாகச் சொன்னான். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தது. படிவம் இரண்டில் அவனுடைய பள்ளி ஆலோசக ஆசிரியை ஒன்றைக் கவனித்திருக்கிறார். வாயால் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறான், தாளில் எழுதச் சொன்னால் ரகளை செய்கிறான். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். பரிசோதித்துப் பார்த்ததில் டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. அறிவில் ஒரு குறையும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் சிக்கல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வகுப்பில் முதல் அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பாடுவோம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். அவன் முறை வருவதற்குச் சற்று முன்னால்தான் ரகளை தொடங்கும். பத்துப் பேர் முன்னால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நிற்பதைவிட, குறும்புக்காரன் என்று பேர் வாங்கி வெளியே போவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் தண்டனை என்று நினைத்து ஒவ்வொரு வாரமும் அவனுக்குக் கொடுத்தது அவன் தேடிய வழியைத்தான். ரகளை செய்தால் வாசிக்க வேண்டாம் என்று அவனுக்குப் பாடம் நடத்தியதே நான்தான்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “பரவால்லண்ணே. தேவாரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, வெளியே நின்னு கேட்டதுதான்” என்றான். அன்றைக்கு அடி என் முதுகில் விழுந்தது.

இதைத்தான் பள்ளி உளவியல் என்ற துறை பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறது. ஒரு பிள்ளை தவறாக நடந்தால் அந்த நடத்தையை மட்டும் பார்க்காதே. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று சேர்த்துப் பார். பெரும்பாலும் காரணம் நாலில் ஒன்றாக இருக்கும். கஷ்டமான ஒன்றிலிருந்து தப்பிக்க; யாராவது தன்னைக் கவனிக்க; விரும்பிய ஒன்றை அடைய; இல்லையென்றால் உடம்பும் புலனும் கேட்கிற ஏதோ ஒரு தேவைக்காக. வகுப்பில் தூங்குகிறவன் இரவெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். தனியாக நிற்கிற தங்கச்சி சிற்றுண்டிச்சாலைக்குப் போனால் கேலி செய்வார்கள் என்று பயந்திருக்கலாம். காரணம் தெரியாமல் கொடுக்கிற தண்டனை, நான் செய்த மாதிரி, நோயை வளர்க்கிற மருந்தாகிவிடும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பாடம் என்று நினைக்காதீங்க. கண்ணப்ப நாயனார் வரலாற்றை நினைத்துப் பாருங்க. காளத்தி மலையில் சிவகோசரியார் தினமும் ஆகமப்படி பூசை செய்கிறார். காலையில் வந்தால் சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடக்கிறது. மனம் நொந்து, இதைச் செய்தவனை நீக்க வேண்டும் என்று முறையிடுகிறார். இறைவன் அவர் கனவில் வந்து, ஒளிந்திருந்து பார் என்கிறார். மறுநாள் அவர் மறைந்து நின்று பார்த்தபோது, தன் கண்ணையே பிடுங்கி அப்புகிற அன்பைப் பார்த்தார். அசிங்கம் என்று நினைத்தது படையலாக இருந்தது. முதலில் பார், பிறகு முடிவு செய் என்பது நம் சமயம் காட்டிய வழிதான்.

இனி, பங்கு பிரித்த கதைக்குத் திரும்புவோம். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் அது நீதியாகிவிடுமா?

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் எதிர்கொள்கிறது. மலாய்மொழியில் போதுமான தேர்ச்சி இல்லாதவர்களுக்கு, ரிமூவ் கிளாஸ் என்று நாம் சொல்கிற புகுமுக வகுப்பு ஒரு வருஷம். பழைய நண்பர்கள் படிவம் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள், இவன் பின்னால் நிற்கிறான். பதின்மூன்று வயசில் அது சின்ன வலி இல்லை. அவனையும், வீட்டில் டியூஷன் வைத்து, அமைதியான அறையில் தனி மேசையில் படிக்கிற பிள்ளையையும் ஒரே கோலால் அளந்து, “அவன் மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கான்?” என்று கேட்டால், அது வந்திக்கு மண்வெட்டி கொடுத்த கதைதான். மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறவனுக்குக் கண்ணாடி கொடுப்பதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. வாசிக்கக் கஷ்டப்படுகிறவனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

நம் நாட்டில் இதற்கான வழிகள் இல்லாமல் இல்லை. 1996 முதல் இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1998-இல் ஆலோசகர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2013-இல் சிறப்புக் கல்விக்கான விதிமுறைகள் வந்தன. உடற்குறையோ கற்றல் சிக்கலோ உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ரோத்தானுக்கும் எல்லை உண்டு. 1959-ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரோ, அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோதான் பிரம்பை எடுக்கலாம், மாணவிகளை அடிக்கவே கூடாது. ஆனால் இந்த வழிகளை நம் வீடுகள் எத்தனை பயன்படுத்துகின்றன? “கவுன்சலிங் ரூமுக்குப் போறவன் பைத்தியம்” என்று நாமே கேலி செய்தால், அந்தக் கதவு திறந்திருந்தும் பூட்டியதுதான்.

ஒரு தம்பி என்னிடம் கேட்டான். “அப்படின்னா அண்ணே, அடிச்சவனுக்குத் தண்டனையே வேண்டாமா? என்னை மூணு மாசம் மிரட்டி காசு புடுங்கினான். அவனுக்கு என்ன கஷ்டமோன்னு நான் பாவம் பார்க்கணுமா?”

நல்ல கேள்வி. வேண்டாம், தம்பி. அடி வாங்குகிறவனின் பாதுகாப்புதான் முதல் வேலை. நீ உடனே ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும். காரணம் இருப்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது. புராணத்திலும் பாருங்க, பெருமான் அடி வாங்கிவிட்டு வேலையைச் செய்யாமல் மறையவில்லை. ஒரு கூடை மண்ணைக் கொட்டினார், கரை அடைந்தது, அதற்குப் பிறகுதான் மறைந்தார். உடைத்ததை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிடுங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கட்டும், மன்னிப்புக் கேட்கட்டும், மறுபடியும் செய்யாமலிருக்கப் பெரியவர் ஒருவர் கண்காணிக்கட்டும். அதோடு சேர்த்து, அவன் ஏன் இப்படி ஆனான் என்றும் ஒருவர் கேட்கட்டும். கேட்காவிட்டால் நாளைக்கு உனக்குப் பதிலாக இன்னொருவனிடம் புடுங்குவான்.

இன்னொரு பேச்சும் நம் வீடுகளில் உண்டு. “அது அவன் கர்மா” என்பார்கள். வினைப்பயன் நம் சமயத்தின் கொள்கை, மறுக்கவில்லை. ஆனால் அது என் வாழ்க்கையை நான் திருத்திக்கொள்ளச் சொல்லப்பட்டது. அடுத்தவன் பிள்ளை தடுமாறும்போது கை கட்டி நிற்க அதைச் சாக்காக எடுக்கக் கூடாது. வந்தியின் அழுகையைக் கேட்டுச் சொக்கநாதர் “உன் வினை” என்று சொல்லவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே மாதிரி, பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தனியாகப் பேசுகிறது என்றால் “பேய் பிடிச்சிருக்கு” என்று கயிறு கட்டுவதோடு நிறுத்திவிடாதீங்க என்று உங்கள் அப்பா அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்க. நெற்றியில் திருநீறு பூசுங்க, கோயிலுக்கும் போங்க, அன்றைக்கே டாக்டரையும் பாருங்க. மூன்றும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

சரி, நாம் என்ன செய்வது? நீங்கள் ஆசிரியரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஆனாலும் மூன்று வேலை உங்கள் கையில் இருக்கு.

முதலாவது, பேர் வைப்பதை நிறுத்துங்க. வகுப்பில் ஒருவன் கத்துவதைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதும் பிரம்படிதான். அந்த அடியின் தழும்பு ரொம்ப நாள் ஆறாது.

இரண்டாவது, பக்கத்தில் போய் உட்காருங்க. “என்னடா பிரச்சனை உனக்கு?” என்று கேட்காதீங்க, அது அதட்டல். “சாப்பிட்டியா? வா, சேர்ந்து போலாம்” என்று கேளுங்க. பள்ளியில் சக மாணவர் வழிகாட்டிக் குழு இருந்தால், பிஆர்எஸ் என்பார்களே, அதில் சேருங்க. எப்படிக் கேட்பது, எப்போது பெரியவரிடம் சொல்வது என்று அங்கே பயிற்சி கொடுப்பார்கள். பந்து விளையாட ஆள் குறைந்தால் ஓரமாக நிற்கிறவனைக் கூப்பிடுங்க. நம் கிளைகளில் தேவார வகுப்பு எடுக்கிற அண்ணன் அக்காமார்களுக்கும் ஒன்று: பிள்ளைகளைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீங்க. காதால் கேட்டுப் பாடக் கற்பது நம் ஓதுவார்கள் மரபு. முதலில் சேர்ந்து பாடட்டும், அடுத்த வாரம் வாசிக்க வேண்டிய வரியை முன்கூட்டியே கொடுங்க. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். யாரையும் வெளியே அனுப்ப வேண்டிய தேவை வந்ததில்லை.

மூன்றாவது, தனியாகச் சுமக்காதீங்க. நண்பன் “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற மாதிரிப் பேசினால், “யாருகிட்டயும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்க. உயிர் காக்கிற இடத்தில் அந்தச் சத்தியம் செல்லாது. வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்ற பழைய பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. எந்த நேரமும் பேச பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 இருக்கின்றன. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்க. உங்களுக்கே தேவைப்பட்டாலும் வெட்கப்படாதீங்க.

கதையில் மன்னன் அடி பட்ட பிறகுதான் புரிந்துகொண்டான். நானும் அப்படித்தான். நீங்கள் அடிக்கு முன்னால் புரிந்துகொள்ளலாம். நாளைக்குப் பள்ளிக்குப் போகும்போது கடைசி வரிசையில் தூங்குகிறவனைப் பார்த்ததும், கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கிய அந்தக் கூலியாளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்க. பிறகு அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க.

திருச்சிற்றம்பலம்.